8 சேனலா, 16 சேனலா: வீட்டுக்கான கேபிள் மோடம் ஒப்பீடு

கீழக்கரையிலோ மண்டபத்திலோ கேபிள் வழி இணையம் பெறும் வீட்டுக்கு டாக்சிஸ் 3.0 தரத்தில் (கேபிள் டிவி கம்பியில் இணையத்தைக் கடத்தும் தொழில்நுட்ப விதிமுறை) பதிவிறக்கத்துக்கு 8 சேனல்களை, அதாவது தரவு செல்லும் அலைவரிசைகளை, இணைக்கும் மோடமும் உண்டு, 16 சேனல்களை இணைப்பதும் உண்டு. பதிவேற்றத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் 4 சேனல்கள்தான். 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனல் ஏறத்தாழ 38 எம்பிபிஎஸ் சுமப்பதால், முதலாவதன் உச்சம் 300ஐயும் இரண்டாவதன் உச்சம் 600ஐயும் ஒட்டி நிற்கும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு எட்டே போதும் என்று தோன்றினாலும், மாலையில் தெருவே ஒரே கம்பியைப் பகிரும்போது நெரிசலைப் பல சேனல்களில் பரப்பும் பதினாறுதான் தடுமாறாமல் ஓடும் என்பதால், விலை வேறுபாடு சிறிதென்றால் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆபரேட்டர் 8 சேனல்களே வழங்கினால் கூடுதல் பணம் வீண்; அதை முதலில் கேட்டறிய வேண்டும். உப்புக்காற்றில் அரித்துப்போன கேபிள் முனையை மாற்றாதவரை இரண்டு மோடமும் ஒன்றுதான்.