சிலிக்கான் கார்பைடு என்று சொல்லி என் 7,400 வெள்ளியை உருவிவிட்டார்கள்

நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. மின்கம்பி போகாத இடத்துக்கு இன்வெர்ட்டர் வாங்க நினைப்பவர்கள் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் எனக்கும் மச்சானுக்கும் பங்கில் ஒரு சின்ன டுரியான் தோட்டம். மின்கம்பம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே கொட்டகையில் ஒரு குதிரைசக்தி பம்பு, டுரியான் சதையை உறைய வைக்க ஒரு ஃபிரீசர், நாலு விளக்கு. இத்தனை வருடம் பெட்ரோல் ஜெனரேட்டர்தான். சோலார் பலகையும் 5 யூனிட் பிடிக்கும் 48 வோல்ட் லித்தியம் பேட்டரியும் போன வருடமே வாங்கியாகிவிட்டது. பாக்கி இருந்தது இன்வெர்ட்டர் மட்டும்.

நம்மில் பாதிப் பேர் தினமும் நோண்டும் ஆன்லைன் கடைத்தளம் ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். 5 கிலோவாட், "முழுவதும் சிலிக்கான் கார்பைடு", திறன் 98 சதவீதம், விலை 8,000 வெள்ளி (ரிங்கிட்). விற்பவர் நம்மவர். புலனத்தில் (வாட்ஸ்அப்) கூப்பிட்டார். "அண்ணே, கூலிம்ல செய்யற சிப்புண்ணே. பழைய ஐஜிபிடி கதையே இதுல கிடையாது" என்றார். ஐஜிபிடி என்பது இன்வெர்ட்டருக்குள் மின்னோட்டத்தை வெட்டிச் சேர்க்கும் பழைய வகை சிலிக்கான் சிப். சிலிக்கான் கார்பைடு சிப் அதே வேலையைச் செய்யும் புது வகை.

இங்கேதான் நான் விழுந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சிப் சோதனைப் பிரிவில் 19 வருடம் வேலை பார்த்தவன் நான். கூலிமில் ஒரு ஜெர்மன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு ஆலை திறந்தது எனக்குத் தெரியும். அந்தப் பொருளின் அருமையும் தெரியும். சாதாரண சிலிக்கானின் பட்டை இடைவெளி (மின்சாரம் கடத்த எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) 1.1 எலெக்ட்ரான் வோல்ட், இதற்கு 3.3க்குப் பக்கம். அதனால் மெல்லிய அடுக்கே பெரிய மின்னழுத்தத்தைத் தாங்கும், வெட்டிச் சேர்ப்பது வேகமாக நடக்கும், சூடு குறையும். ஐஜிபிடியை அணைத்தால் மின்னோட்டம் உடனே நிற்காது, வால் மாதிரி கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு வரும். அந்த வால்தான் சூடு.

ஆளைச் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஸ்விட்சிங் என்ன வேகம்?" என்று கேட்டேன், அதாவது நொடிக்கு எத்தனை தடவை வெட்டிச் சேர்க்கிறது என்று. யோசிக்கவே இல்லை. "65 கிலோஹெர்ட்ஸ்ணே." அவ்வளவுதான், விஷயம் தெரிந்த பையன் என்று மனது இளகிவிட்டது. தளத்துக்கு வெளியே நேராகப் பணம் போட்டால் 600 வெள்ளி குறைத்துத் தருகிறேன் என்றான். போட்டேன். 7,400 வெள்ளி, ஒரே தடவையில், கம்பெனிக் கணக்குக்குக்கூட இல்லை, தனியாள் கணக்குக்கு. படித்த முட்டாள் என்பது இதுதான்.

பெட்டி வந்தது. மாட்டினோம். விளக்கு எரிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அப்போது 13 வயது மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, பெட்டி கொசு மாதிரி கத்துது" என்றாள். எனக்கும் மச்சானுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய காது. அவள் சும்மா சொல்லவில்லை, கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

எனக்கு அடிவயிற்றில் சில்லென்றது. வெட்டிச் சேர்க்கும் வேகத்தில்தான் பெட்டியின் சத்தமும் வரும். 65 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காதுக்குக் கேட்காது. பிள்ளைகளுக்கே 20க்கு மேல் கேட்காது. இவளுக்குக் கேட்கிறது என்றால் அது 16, 17 வாக்கில்தான் ஓடுகிறது. அது ஐஜிபிடியின் வேகம்.

அப்புறம் பம்பைப் போட்டோம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பெட்டி "டக்" என்று அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி "டக்". கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். இஸ்திரிப் பெட்டியை மட்டும் மாட்டினால் வெளியே 920 வாட் போகிறது, பேட்டரியிலிருந்து 1,122 வாட் வருகிறது. 82 சதவீதம். அவன் சொன்ன 98 உண்மையாக இருந்தால் 19 வாட் வீணாகும். இங்கே 200 வாட் வெறும் சூடு. எதையும் மாட்டாமல் சும்மா வைத்தாலே 97 வாட் தின்கிறது. ராத்திரி 12 மணி நேரத்தில் பேட்டரியில் கால்வாசியை இதுவே குடித்துவிடும்.

எல்லாக் கம்பியையும் கழற்றி, கெப்பாசிட்டர் அடங்கக் கால் மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தேன். வெப்பத்தகட்டில் வரிசையாக சிப்புகள், ஒவ்வொன்றின் முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து எண்ணை அழித்திருந்தார்கள். மூலையில் ஒன்றை மட்டும் அரைகுறையாகத் தேய்த்திருக்கிறான் எவனோ. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எண் தெரிந்தது. தேடினேன். ஐஜிபிடி.

ஐஜிபிடி மட்டமான பொருள் இல்லை. ஒழுங்காகச் செய்த ஐஜிபிடி இன்வெர்ட்டரே 90க்கு மேல் தரும், பாதி விலையில் கிடைக்கும். பொய்தான் என்னைக் கொல்கிறது. இன்னொன்று, இப்போதுதான் உறைக்கிறது: 48 வோல்ட் பேட்டரிப் பக்கத்துக்குச் சாதாரண சிலிக்கான் மாஸ்ஃபெட்டே (இன்னொரு வகை ஸ்விட்ச் சிப்) சிறந்தது. சிலிக்கான் கார்பைடு சந்தையில் வருவதே பெரும்பாலும் 650 வோல்ட், 1,200 வோல்ட் வகைகளில்தான். "முழுவதும் சிலிக்கான் கார்பைடு" என்ற வார்த்தையைப் படித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 19 வருடம்!

கூப்பிட்டேன். முதல் நாள் "அண்ணே, உங்க பேட்டரி சரியில்லண்ணே". இரண்டாம் நாள் "வயர் சிறுசு பாஸ், மாத்திட்டுப் பேசுங்க". உள்ளே எடுத்த படத்தை அனுப்பினேன். "சீல் உடைச்சிட்டீங்க சார், வாரண்டி போச்சு." அண்ணன் பாஸாகி, பாஸ் சாராகி, அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டான். கொடுத்த முகவரிக்குப் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் வரை போனேன். இழுத்துச் சாத்திய இரும்புக் கதவு, வாடகைக்கு விடப்படும் என்று ஒரு தாள். பக்கத்து டயர் கடைக்காரர், "நீங்க மூணாவது ஆள்" என்றார்.

கடைத்தளத்தில் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை. வங்கியில் கேட்டால், பொருள் கைக்கு வந்துவிட்டதே, இது வியாபாரத் தகராறு. போலீஸ் புகார் கொடுத்திருக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் 50,000 வரை கோரலாம், அதையும் செய்யப்போகிறேன். ஆனால் யார் மேல் போடுவது? முகவரியில் ஆளே இல்லையே. 7,400 வெள்ளி. ஃபிரீசரில் புளித்துப்போன சதையை அதில் சேர்க்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், 600 இல்லை 6,000 குறைத்தாலும். சிப்பின் பெயரும் எண்ணும் கேளுங்கள், எழுத்தில். பம்பு ஓட்ட வேண்டுமா, இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான பெட்டியையே பாருங்கள், கிளம்பும் இழுப்பை அது தாங்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திச் சத்தம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்று காலை அதே தளத்தில் அதே படம், வேறு கடைப் பெயர். பெட்டியைப் பிடித்திருக்கும் கையில் அதே பச்சைக்கல் மோதிரம். விலை 6,900.