காது மெஷினும் தாடை மாஸ்க்கும்: மதுரையில் மூன்று வாரம்

2022 ஏப்ரல் முதல் வாரம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பித் திருச்சியில் இறங்கினேன். கொரோனாவால் இரண்டரை வருடம் கழித்துத்தான் ஊர். வந்த வேலை ஒன்றுதான்: அம்மாவுக்குக் காது மெஷின் வாங்க வேண்டும். போனில் நான் ஒன்று கேட்க, அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்து ஒரு வருடமாகியிருந்தது.

விமான நிலைய வேலை நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அப்போது நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தையும் தடுப்பூசிச் சான்றிதழையும் முன்கூட்டியே இணையத்தில் ஏற்றியிருந்தேன். தாளைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். 100 பேரில் 2 பேரைப் பொறுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பும் விதி அப்போது இருந்தது, நான் சிக்கவில்லை. குடிநுழைவு வரிசையில் எல்லார் முகத்திலும் ஒழுங்காக மாஸ்க். வெளிக்கதவைத் தாண்டினால், அழைக்க வந்திருந்த கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் இல்லை. என்னோடு வந்தவர்கள் தள்ளுவண்டியை நிறுத்துவதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள்.

மதுரைக்குப் பஸ் ஏறினேன். முகக்கவசம் இல்லாவிட்டால் பயணம் இல்லை என்று டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, பாதி கிழிந்து. கண்டக்டரின் மாஸ்க் தாடையில், விசில் வாயில். எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்குப் பகீரென்றது, வாங்கிக்கொண்டேன். "நீங்க போட மாட்டீங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன். கோபப்படவில்லை. "போடலாம்மா. போட்டுக்கிட்டு விசில எப்படி ஊதுறது? துவரங்குறிச்சி எறங்குன்னு கத்துனா யாருக்குக் கேக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான். எச்சில் டிக்கெட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

சிங்கப்பூரில் வெளியிடங்களில் மாஸ்க் கட்டாயமில்லை என்று மார்ச் 29 முதல்தான் தளர்த்தியிருந்தார்கள். அதற்கு முன், முதல் தடவை பிடிபட்டாலே 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ரயிலில் போட மறுத்து, நீதிமன்றத்துக்கும் மாஸ்க் இல்லாமல் வந்து வாதாடிய பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு 2021-ல் 6 வாரம் சிறை கிடைத்தது. மேற்கு நாடுகளில் மாஸ்க்கை எதிர்த்து ஊர்வலமே போனார்கள். மதுரையில் இருந்த மூன்று வாரத்தில் அப்படி ஒருத்தரைக்கூட நான் பார்க்கவில்லை. மாஸ்க் போடுங்க என்றால் "ஆமாங்க, போடணுங்க" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தாடையில் இருப்பதை மூக்குவரை ஏற்றி, நாம் திரும்பியதும் இறக்கிவிட்டார்கள். வண்டிக் கண்ணாடியில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டு, போலீஸைப் பார்த்ததும் தலையில் வைக்கிறோமே, அதே கதை.

இதில் அபராதத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று வைத்தார்கள். 2022 ஜனவரியில் மாஸ்க்குக்கும் 500 ஆனது. கிருமிக்காகப் போட்டுக்கொண்டிருந்த துணி, ரசீது புத்தகத்துக்காகப் போடுவதாக மாறிவிட்டது. நான் வந்த வாரத்தில் அபராதம் வசூலிப்பதை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் மாஸ்க்கும் நின்றிருந்தது. இதே ஊரில் 2020 ஜூலையில் ஒரு உணவகம் மாஸ்க் வடிவத்தில் பரோட்டா போட்டு, விழிப்புணர்வு என்று உலகமெல்லாம் செய்தியானது. நான் போயிருந்தபோது அதைச் சொன்னால் சிரித்தார்கள்.

அம்மாவின் வங்கிக் கணக்குக்கு ஆதார் நகல் கொடுக்கப் போனோம். எந்த வங்கி என்பது வேண்டாம். வாசலில் காவலாளி, "மாஸ்க் இல்லாம உள்ள விட மாட்டோம்." எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் இல்லை. வேலை முடிந்து வெளியே வந்த ஒருவர், தன் முகத்தில் இருந்ததைக் கழற்றி, "இந்தாங்க பெரியவரே" என்று நீட்டினார். பெரியவர் போட்டுக்கொண்டு உள்ளே போனார். காவலாளிக்குத் திருப்தி. ஒரே மாஸ்க் அன்று எத்தனை பேர் வேலையை முடித்துக் கொடுத்ததோ!

சரி, காது மெஷினுக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் நான் மனதாரப் பாராட்டும் சேவை அந்தச் சின்ன செவித்திறன் மையம்தான். வாசலில் இருந்த பெண் அபராதம் என்று பயமுறுத்தவில்லை. பெட்டியிலிருந்து ஆளுக்கொரு மாஸ்க் எடுத்துக் கொடுத்து, "உள்ள வயசானவங்க நிறைய பேர் இருக்காங்க, போட்டுக்குறீங்களா?" என்றார், அவ்வளவுதான். உள்ளே பத்துப் பேரும் போட்டிருந்தார்கள், மூக்கு மூடி.

அம்மா மட்டும் முரண்டு பிடித்தார். காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. பரிசோதனை செய்த பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், மாஸ்க்கை இறக்கி ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை அதே சொற்களைச் சொன்னார். இறக்கிச் சொன்னபோது அம்மா முக்கால்வாசியைத் திருப்பிச் சொன்னார். ஏற்றியதும் "சாதம்" என்பது "பாதம்" ஆனது. இத்தனை நாளும் அவர் பாதிக்கு மேல் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்திருக்கிறார். போதாக்குறைக்கு, பேச்சில் உச்ச சுருதியில் ஒலிக்கும் பகுதியைத்தான் மாஸ்க் அதிகம் விழுங்குமாம்; வயதானவர்களுக்கு முதலில் கேட்காமல் போவதும் அதே பகுதிதானாம். "ஏன்டி, வாய மூடிக்கிட்டுப் பேசுனா எப்படிக் கேக்கும்?" என்று அம்மா திட்டியதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்தவள் என்ற மிதப்பில் வீட்டுக்குள்ளும் முதல் ஐந்து நாள் மாஸ்க்கோடு இருந்தேன். அந்த ஐந்து நாளும் அவருக்கு நான் ஊமைப்படம்.

28,000 ரூபாய்க்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வாங்கினோம். ஆட்டோ ஏறி இரண்டு தெரு தாண்டியதும் அம்மா மாஸ்க்கை வெடுக்கென்று இழுத்தார். ரப்பரோடு மெஷினும் பறந்தது. டிரைவர் தம்பி ஓரங்கட்டி, செல்போன் விளக்கை அடித்து, பத்து நிமிடம் குனிந்து தேடி, மிதியடிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூடுதலாக ஐம்பது ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. "அக்கா, பாட்டிக்கு அதெல்லாம் வேணாம்க்கா, காத்துல கொரோனா போயிருச்சு" என்றார். அவர் மாஸ்க் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மையத்துக்கு போன் செய்தேன். காதில் மாட்டும் மாஸ்க் வேண்டாம், பின்னந்தலையில் கட்டுவது போல நாடா வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தெருமுனை டெய்லர் அம்மாவின் ஜாக்கெட் பிட்டிலேயே பாவாடை நாடா வைத்து இரண்டு தைத்தார், முப்பது ரூபாய். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. துணி புடவைக்குப் பொருத்தம் என்பதுதான் முக்கியக் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

சித்திரைத் திருவிழா இரண்டு வருடம் பக்தர்கள் இல்லாமலே நடந்தது. இந்த முறை அனுமதி. ஏப்ரல் 16 விடியற்காலை அழகர் வைகையில் இறங்குவதை அம்மாவோடு டிவியில்தான் பார்த்தேன். ஆற்றில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மாஸ்க் அணியச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. நெரிசலில் அன்று 2 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாஸ்க்கைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

நான் கிளம்புவதற்குள் சென்னை ஐஐடியில் தொற்று பரவி, மறுபடியும் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். மறுநாளே பக்கத்துக் கடைக்காரரின் தாடைக்கு மாஸ்க் வந்துவிட்டது. தாடைக்குத்தான்.

திருச்சி விமான நிலையம் வரை அம்மா வந்தார், ஜாக்கெட் துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, காதில் மெஷினோடு. உள்ளே போகும் இடத்தில் காவலர் என் பாஸ்போர்ட்டை வாங்கி, மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டச் சொன்னார். இறக்கினேன். அந்த நேரம் பார்த்து அம்மா பின்னாலிருந்து, "போனதும் போன் பண்ணுடி" என்றார். அப்படியே திரும்பி, உதடு நன்றாகத் தெரிய, "சரிம்மா" என்றேன். தலையாட்டினார்.

"மேடம், மாஸ்க்" என்றார் காவலர்.