நான்கு ஆண்டுகள், ஒரு கம்ப்ரஸர், அடியில் ஒரு திருகு

சிங்கப்பூர் ஜூரோங்கில் இருக்கும் நண்பர் திங்கட்கிழமை கேட்டார்: "அண்ணே, பெயின்ட் அடிக்க நீங்கள் வைத்திருக்கும் அதே 50 லிட்டர் ஏர் கம்ப்ரஸரின் விலை குறைந்திருக்கிறது. வாங்கலாமா?" இரண்டு நாள் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள் என்றிருப்பேன். ஞாயிறு பிற்பகல் என் 1967 எம்ஜிபி காரின் இடது கதவு மூன்றாம் பூச்சில் வெளுத்து, குழி விழுந்து பாழானது.

மோட்டாரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நின்றதில்லை. எண்ணெய் மாற்றியதோடு சரி. முன் மட்கார்டு இரண்டும், அலுமினிய பானட்டும், வலது கதவும் இதன் காற்றில்தான் பச்சை நிறம் பெற்றன. எம்ஜிபியில் முன் மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை. கழற்றி எடுத்து, ஒவ்வொன்றாகப் பின்கட்டில் தொங்கவிட்டு அடிக்கலாம். சிறிய கம்ப்ரஸருக்கு ஏற்ற வேலை.

என் கோபமெல்லாம் தொட்டியின் அடிவயிற்றில் இருக்கும் நீர் வடிக்கும் திருகின் மீதுதான்.

நம் ஊர்க் காற்றை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்; பிற்பகலில் 60 வரை இறங்கும். 30 டிகிரி வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றுக்குள் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பார் அழுத்தத்தில் தொட்டிக்குள் அடைத்து ஆறவிட்டால் ஆவியாக மிஞ்சுவது மூன்று, நான்கு கிராம்தான். மீதி தண்ணீர். நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்று தரும் கம்ப்ரஸர் இருபது நிமிடம் ஓடினால் 60 கிராமுக்கு மேல் தொட்டியில் தேங்கும். ஒரு கதவுக்கே கால் கோப்பைத் தண்ணீர்! அதை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு, அதுவும் தரையோடு தரையாகப் படுத்தால்தான் விரலுக்கு எட்டும். ஒரு கையில் பெயின்ட் நிரம்பிய ஸ்பிரே கன்னோடு எப்படிப் படுப்பது?

போன மாதம் அந்தத் திருகு துருவேறி இறுகி, குறடு வைத்துத் திருப்பியதும் முறிந்தது. கைப்பிடி வைத்த பித்தளை வால்வு போடுங்கள் என்று கேட்டேன். பழுதுபார்த்தவர் அதே மாதிரித் திருகையே போட்டு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டார்.

நியாயமாகச் சொன்னால், கதவு வெளுத்ததில் பாதிப் பங்கு பெயின்ட்டுக்கு உண்டு. இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடமாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்தும் சீனப் பாட்டியும் இருக்கிறார். ஆகவே நான் அடிப்பது செல்லுலோஸ் லேக்கர் என்ற பழைய வகை பெயின்ட். அதை இளக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பால்போல் வெளுக்கும். மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னரை மெல்லியதாக மேலே அடித்தால் அந்த வெளுப்பு கரைந்து மறையும், பலமுறை மீட்டிருக்கிறேன். ஆனால் குழாய் வழியே வந்து தெறித்த நீர்த்துளி போட்ட குழிகளை எதுவும் மீட்காது. உப்புத்தாள்தான் கதி.

நீரைப் பிரிக்கும் கிண்ணத்தை இந்த கம்ப்ரஸரின் வாயிலேயே பொருத்தித் தருகிறார்கள். அதுவும் தவறான இடம். அங்கே காற்று இன்னும் சூடு. நீர் ஆவியாகவே அதைக் கடந்து, பிறகு குழாயில் குளிர்ந்து துளியாகும். சுவரோரம் செப்புக் குழாய் ஓட்டி, காற்று ஆறிய பிறகு அதன் கடைசி முனையில் கிண்ணத்தை வைத்ததும் எனக்கு நிலைமை வெகுவாக மாறியது. வலது கதவு அப்படித்தான் வந்தது. மிக நுண்ணிய 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றிய அன்று, என் மனைவி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். நான்கு ஆண்டு உழைப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவசரமும் எனக்கில்லை. பழைய கார்களுக்கான சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் வண்டியைச் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் வண்டி என் கையில்.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாகக் குறைந்தாலும் வேண்டாம். இவ்வளவு நல்ல மோட்டாரைச் செய்தவர்கள் இரண்டு வெள்ளி வால்வில் கஞ்சத்தனம் காட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கதவைத் தகடுவரை தேய்த்து பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன். பித்தளை வால்வும் வாங்கியாயிற்று. சனிக்கிழமை பிற்பகல் மழை இல்லையென்றால் மறுபடியும் அடிப்பேன், இதே கம்ப்ரஸரில்.