கோப்பையோடு வந்த கோச்: யுனைடெட் வைத்துக்கொண்டது, டாட்டன்ஹாம் அனுப்பிவிட்டது

லீக்கில் மானம் போயிற்று, ஆனால் கையில் ஒரு கோப்பை இருக்கிறது. சீசன் இப்படி முடிந்தால் கோச்சை என்ன செய்வது? ஒரே வருட இடைவெளியில் இங்கிலாந்தின் இரண்டு பெரிய கிளப்புகள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டன. ஒன்று சொன்ன பதிலுக்கு நேரெதிராக மற்றொன்று சொன்னது.

முதலில் மான்செஸ்டர் யுனைடெட். 2024 மே 25 அன்று வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என வென்று எரிக் டென் ஹாக் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். லீக்கில் அவர் அணிக்குக் கிடைத்தது எட்டாவது இடம். 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை அந்த கிளப் அவ்வளவு கீழே முடித்ததே இல்லை. ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்தது டாட்டன்ஹாம். 2025 மே 21 அன்று பில்பாவோவில், அதே யுனைடெட்டை 1-0 என வென்று ஆஞ்ச் போஸ்டெகோக்ளு ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கை வாங்கிக் கொடுத்தார். லீக்கில் 17-வது இடம். இன்னும் ஒரு படி சறுக்கினால் கீழ் டிவிஷன். பதினாறே நாளில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

எட்டாவது இடம் எங்கே, பதினேழாவது இடம் எங்கே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கோல் கணக்கைப் பார்க்கும்வரை. 2023-24-ல் யுனைடெட் 57 கோல் அடித்து 58 வாங்கியது. 2024-25-ல் டாட்டன்ஹாம் 64 அடித்து 65 வாங்கியது. இரண்டு அணிக்கும் கோல் வித்தியாசம் மைனஸ் ஒன்று! ஒருவருக்கு 60 புள்ளி, மற்றவருக்கு 38. டென் ஹாக்கின் அணி தன் ஆட்டத்துக்கு மேலே முடித்தது, ஆஞ்ச்சின் அணி தன் ஆட்டத்துக்குக் கீழே முடித்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால், காப்பாற்றப்பட்டவரைவிட அனுப்பப்பட்டவருக்குத்தான் கொஞ்சம் நல்ல வக்கீல் கிடைத்திருக்க வேண்டும்.

கோப்பைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. 2024 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் இரண்டாவது டிவிஷன் அணியான கவென்ட்ரிக்கு எதிராக யுனைடெட் 3-0 என முன்னிலையில் இருந்தது, அப்புறம் 3-3. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கவென்ட்ரி நான்காவது கோலையும் போட்டுவிட்டது. வீடியோ நடுவர் கோடு போட்டுப் பார்த்து, கால் நுனி அளவு ஆஃப்சைடு என்று அதை அழித்தார். பெனால்டியில் யுனைடெட் தப்பித்தது. அந்தக் கால் நுனி பின்னால் இருந்திருந்தால் இறுதிப் போட்டி இல்லை, கோப்பை இல்லை, டென் ஹாக்கை வைத்திருப்பதா என்ற விவாதமே இல்லை. ஒரு கோச்சின் இரண்டு வருட வேலையை எடைபோடும் தராசில் இதைப் போய் வைக்க வேண்டியிருக்கிறது.

யுனைடெட் வைத்துக்கொண்ட விதம்

வைத்துக்கொண்டதைவிட, எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் பெரிய விஷயம். பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃபின் ஆட்கள் அப்போதுதான் கிளப்பில் கால் பங்குக்கு மேல் வாங்கி, ஆட்டம் சம்பந்தமான முடிவுகளைக் கையில் எடுத்திருந்தார்கள். கோப்பை வென்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் மௌனம். அதற்குள் வேறொரு கோச்சான தாமஸ் டூஹலிடம் பேச்சு நடந்தது. பிறகு, இபிஸா தீவில் விடுமுறையில் இருந்த டென் ஹாக்கைத் தேடிப் போய், ‘உங்களோடே தொடர விரும்புகிறோம்’ என்று சொன்னார்கள். நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் இதைச் சொன்னது டென் ஹாக்கேதான். டூஹலிடம் பேசியதையும் அவர் மறைக்கவில்லை.

வீட்டு ஓனர் நாலு பேருக்கு வீட்டைத் திறந்து காட்டிவிட்டு, யாரும் அமையாததால் ‘சரி, நீங்களே இருங்க’ என்று சொன்னால் குடியிருப்பவருக்கு எப்படி இருக்கும்? வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாலும் சுவரில் ஆணி அடிக்க மனசு வராது. ஜூலை 4 அன்று கிளப் போட்டது ஏறக்குறைய அந்த மாதிரி ஒப்பந்தம். 2025-ல் முடிய வேண்டியதை 2026 வரை நீட்டினார்கள். ஒரே ஒரு வருடம். உடைமாற்றும் அறையில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? கோச்சுக்கு ஆயுள் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுபவர்கள் அவர்கள்தான்.

அதைவிடப் பெரிய செலவு கோடைச் சந்தையில் நடந்தது. சர்க்சி, யோரோ, டி லிக்ட், மஸ்ராவி, உகார்டே என ஐந்து பேரை வாங்கினார்கள். டி லிக்டும் மஸ்ராவியும் அயாக்ஸில் டென் ஹாக்கிடம் ஆடியவர்கள். ஆக, அரை மனதோடு வைத்துக்கொண்ட கோச்சுக்கு முழுப் பணத்தையும் கொட்டி அணி கட்டினார்கள். எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு இதுதான்.

அக்டோபர் 27 அன்று வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம். முதல் பாதியில் யுனைடெட்டின் டாலோ கோல்கீப்பரைத் தாண்டிப் போய்விட்டார், எதிரே காலி வலை. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. 1-1 என இருந்தபோது, பெனால்டி எல்லைக்குள் வெஸ்ட் ஹாமின் டேனி இங்ஸை டி லிக்ட் இடித்தார் என்று வீடியோ நடுவர் தலையிட்டார். 92-வது நிமிடத்தில் போவன் பெனால்டியை உள்ளே அனுப்பினார். மறுநாள் திங்கட்கிழமை டென் ஹாக் இல்லை. 9 ஆட்டம், 11 புள்ளி, 14-வது இடம். அந்தப் பெனால்டி சரியான தீர்ப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஆனால் காலி வலையைத் தவறவிட்டதற்கு வீடியோ நடுவர் என்ன செய்வார்?

அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்ப ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு ஆனது. லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் கோச்சாக இருந்த ரூபன் அமோரிமைச் சீசன் நடுவே பிய்த்து எடுக்க இன்னொரு பெரிய தொகை. அமோரிமுக்கே அப்போது வர விருப்பமில்லை. சீசன் முடிந்ததும் வருகிறேன் என்றவரிடம், இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஆடுவது 3-4-3, அதாவது தடுப்பில் மூன்றே பேர். கையில் இருந்ததோ நான்கு தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடக் கட்டிய அணி. ஓரத்தில் தடுக்கவும் முன்னேறவும் ஓட வேண்டிய இடப்பக்க விங்-பேக் வேலைக்குத் தோதான ஆள்கூட இல்லாமல் ஜனவரியில் டோர்கு என்ற இளைஞரை வாங்கினார்கள். முடிவில் 42 புள்ளி, 15-வது இடம். கிளப் தரமிறங்கிய 1973-74-க்குப் பிறகு இவ்வளவு மோசமான லீக் சீசன் இல்லை. டென் ஹாக்கை வைத்துக்கொண்டது தவறு என்று ராட்கிளிஃபே பின்னால் ஒத்துக்கொண்டார்.

டாட்டன்ஹாம் அனுப்பிய விதம்

டாட்டன்ஹாமின் தலைவராக இருந்த டேனியல் லெவிக்கு கோச்சை அனுப்புவதில் நீண்ட அனுபவம். 2021-ல் லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்னால் மொரின்யோவை அனுப்பியவர் அவர். ஆனால் ஆஞ்ச் விஷயத்தில் நினைவுக்கு வர வேண்டியது அதற்கும் முந்தைய கதை. 2008-ல் ஹுவாண்டே ராமோஸ் டாட்டன்ஹாமுக்கு லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். லீக்கில் 11-வது இடம்தான். கோப்பை இருக்கிறதே என்று வைத்துக்கொண்டார்கள். புது சீசனில் எட்டு ஆட்டத்தில் இரண்டே புள்ளி. அக்டோபர் கடைசியில் அனுப்பிவிட்டு ஹேரி ரெட்நாப்பைக் கூட்டிவந்தார்கள். யுனைடெட் 2024-ல் செய்ததை டாட்டன்ஹாம் பதினாறு வருடம் முன்பே செய்து சூடு கண்டிருந்தது. அந்த 2008 கோப்பைக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பைதான் பில்பாவோவில் வந்தது.

அங்கே ஆஞ்ச் ஆடிய விதத்தையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும், ஒன்பது பேரோடு தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகிலேயே நிறுத்தி 4-1 எனத் தோற்ற மனுஷன் இவர். அன்று பிடிவாதம் என்று திட்டாதவர்கள் இல்லை. அதே ஆள் பில்பாவோவில் ஒரு கோல் கிடைத்ததும் மொத்த அணியையும் பின்னால் இழுத்துக்கொண்டார். நம் ஊர் நேரம் நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கிய ஆட்டம். கோல் கோட்டைத் தாண்டப்போன யுனைடெட்டின் ஹோய்லுண்டின் தலைமுட்டுப் பந்தை டாட்டன்ஹாமின் வான் டி வென் அந்தரத்தில் காலை வீசி வெளியே தள்ளியபோது என் தூக்கம் மொத்தமும் போய்விட்டது. அழகான ஆட்டம் இல்லை. ஆனால் பாடம் கற்றுக்கொண்ட கோச் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

‘இரண்டாவது வருடத்தில் நான் எப்போதும் ஏதாவது வெல்வேன்’ என்று அந்த சீசன் தொடக்கத்திலேயே சொல்லி ஊரே கேலி செய்ய, சொன்னபடி வென்றும் காட்டினார். வெற்றி ஊர்வலத்தில், நல்ல தொலைக்காட்சித் தொடர்களுக்கெல்லாம் இரண்டாவது சீசனைவிட மூன்றாவது சீசன்தான் நன்றாக இருக்கும் என்றார். மூன்றாவது சீசன் வரவில்லை.

கிளப் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது: கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளி. ஏன் 66? ஆஞ்ச் நடத்தியவை 76 ஆட்டங்கள். முதல் பத்தில் அவர் தோற்கவே இல்லை, 26 புள்ளி எடுத்தார். அந்தப் பத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கணக்குப் போட்டால் எந்த கோச்சையும் அனுப்பலாம். இன்னொரு பக்கம், கடைசி 12 லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி என்பதும் உண்மைதான். ஐரோப்பாவுக்காக முக்கிய ஆட்டக்காரர்களை லீக்கில் உட்கார வைத்தார், தடுப்பாட்டத்தில் ரொமெரோவும் வான் டி வென்னும் மாதக்கணக்கில் காயம் என்று சமாதானம் சொல்லலாம். 38-க்கு 22 தோல்வி என்பதை அந்தச் சமாதானம் முழுக்க மூடாது. அறிக்கை அரை உண்மை. முடிவு ஜூன் 6-ல் வந்தது. அடுத்த வாரமே பிரென்ட்ஃபோர்டிலிருந்து தாமஸ் ஃபிராங்க் வந்தார், முழுக் கோடையும் அவர் கையில்.

ஃபெர்குசன் கதை

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் 1986-ல் யுனைடெட் கோச்சாக வந்த அலெக்ஸ் ஃபெர்குசனை இழுப்பார். 1989-90-ல் யுனைடெட் 13-வது இடம், ஆனால் எஃப்.ஏ. கோப்பை. வைத்துக்கொண்டார்கள், அப்புறம் 13 லீக் பட்டம். சரி, ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவரை அனுப்பும் எண்ணமே தங்களுக்கு இருக்கவில்லை என்றுதான் அன்றைய சேர்மன் மார்ட்டின் எட்வர்ட்ஸ் சொல்லிவந்தார். கிளப் இயக்குநராக இருந்த பாபி சார்ல்டனும் ஃபெர்குசன் பக்கம். யாரும் வேறு கோச்சிடம் பேசிவிட்டு வந்து தோளில் கை போடவில்லை.

என் தீர்ப்பு

என்னிடம் கேட்டால் ஆஞ்ச்சை வைத்திருப்பேன், டென் ஹாக்கை அனுப்பியிருப்பேன். இரண்டு கிளப்பும் செய்ததற்கு நேர் மாறாக. ஆனாலும் டாட்டன்ஹாமின் முடிவு யுனைடெட்டின் முடிவைவிட நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். லெவிக்கு ஆஞ்ச்மேல் நம்பிக்கை இல்லை, அது ஊரறிந்தது. நம்பிக்கை இல்லாதவர் ஜூனில் அனுப்பினால் ஒரு நல்ல கோச்சை இழக்கிறார், அவ்வளவுதான். அதே ஆளை அக்டோபரில் அனுப்பினால் கோச்சோடு கோடையும் போகும், வாங்கிய ஆட்டக்காரர்களும் ஆளில்லாத வீட்டுச் சாமான் மாதிரி நிற்பார்கள்.

இருவருமே அடுத்து போன இடத்திலும் நிற்கவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று, இரண்டே லீக் ஆட்டத்துக்குப் பிறகு, ஜெர்மன் கிளப் லெவர்குசென் டென் ஹாக்கை அனுப்பியது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆஞ்ச்சை 39 நாள் வைத்திருந்தது. செல்சியிடம் தோற்ற ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அறிவிப்பு வந்துவிட்டது. ‘பார்த்தீர்களா, அனுப்பியது சரிதான்’ என்று இதைக் காட்டுகிறார்கள். எட்டு ஆட்டத்திலும் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோச்சை அளந்துவிட முடியும் என்றால் ஃபெர்குசன் 1986-லேயே வீட்டுக்குப் போயிருப்பார்.

அமோரிம் விஷயத்தில் ஒரு சின்னச் செய்தி. 2024 ஏப்ரலில், டென் ஹாக் இன்னும் பதவியில் இருந்தபோதே, அமோரிம் ஒரு நாள் விமானம் ஏறி லண்டன் வந்து வேறொரு கிளப்போடு பேசிவிட்டுப் போனார். திரும்பிப் போய் மன்னிப்பும் கேட்டார். இங்கிலாந்துக்கு வர ஆள் தயார் என்று அன்றே எல்லாருக்கும் தெரியும், யுனைடெட் அந்தக் கோடையிலேயே கேட்டுப் பார்த்திருக்கலாம். அவர் பேசப் போனது வெஸ்ட் ஹாமோடு.