பவுசரா, பீலியா? மண்சரிவுக்குப் பிறகு தண்ணீரும் மலசலகூடமும்

மலையகத்தில் மண்சரிவு நடந்த கையோடு தேயிலைத் தோட்டப் பாடசாலை முகாமுக்கு வந்து குவிவது போத்தல் தண்ணீர்தான். கொடுப்பவருக்கும் சுலபம், படம் பிடிக்கவும் தோது. முதல் இரண்டு மூன்று நாளைக்கு அதைக் குறை சொல்லமாட்டேன். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேறு நம்பிக்கையான தண்ணீர் அப்போது இருக்காது. ஆனால் அவசர காலத்தில் குடிக்க, சமைக்க, உடம்பு கழுவ என ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீட்டர் வேண்டும் என்கிறது நிவாரணப் பணியாளர்கள் கையில் வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு. 200 பேருக்கு 3,000 லீட்டர், அதாவது தினமும் 3 தொன். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டிப் பாதைகளைத் துண்டாடியதுபோல இன்னொரு முறை நடந்தால், அந்த 3 தொன்னை யார் தலையில் ஏற்றுவது?

ஹட்டன், பண்டாரவளை டவுனை ஒட்டிய முகாம் என்றால் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வண்டியே போதும். மலை உச்சிப் பக்கமுள்ள தோட்டப் பிரிவான மேல் டிவிஷனுக்கு அது சரிவராது. ஊறிப்போன தோட்டப் பாதையில் பல தொன் பாரத்தோடு ஏறினால் பாதையோரமே பெயர்ந்துவிடலாம். ஏறி வந்தாலும் ஊற்றி வைக்கத் தாங்கி இல்லாவிட்டால், இருக்கிற வாளியும் சட்டியும் நிரம்பியதும் மிச்சத்தோடு திரும்பிப் போகும்.

நான் பீலியின் பக்கம், அதாவது ஊற்றுத் தண்ணீரைப் பைப்பில் இறக்கிக்கொள்ளும் பக்கம். எங்கள் மலையில் பெரும்பாலும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காட்டு ஊற்றிலிருந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இறங்கும் பைப் அறுந்ததுதான் பிரச்சினை. ஒரு சுருள் பைப், சில இணைப்புகள், லைன் போகும் வழி தெரிந்த இளைஞர்கள் இருந்தால் வேலை ஆகும். பவுசருக்குத் தினமும் டீசல் ஊற்ற வேண்டும். பைப்புக்கு ஒருமுறை செலவழித்தால் முகாம் கலைந்த பிறகும் அது கிடக்கும். முகாமும் சீக்கிரம் கலைவதில்லை. 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தை மண்சரிவில் தப்பியவர்கள் வீட்டுக்காக எத்தனை காலம் காத்துக் கிடந்தார்கள் என்பது தெரிந்ததுதானே. ஒரே நிபந்தனை: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை நீங்கும்வரை யாரும் மேலே ஏறக்கூடாது.

பீலித் தண்ணீரை அப்படியே குடிக்கவும் முடியாது. கலங்கல் தண்ணீரில் குளோரினைக் கொட்டுவது வீண், சேறே அதைத் தின்றுவிடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மேல்தண்ணீரை வேறு தாங்கிக்கு மாற்றி, குளோரின் கலந்து 30 நிமிடம் விடவேண்டும். அதன் பிறகும் லீட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். "தேத்தண்ணியில மருந்து மணக்குது" என்று சனம் முகம் சுளிக்கும். ஏன் போடுகிறோம் என்று சொல்லாமல் விட்டால், பக்கத்துக் கானில் வழியும் தண்ணீரை மொண்டுகொள்வார்கள். கொதிக்கவைக்கலாமே என்பவர்கள், அந்த மழையில் காய்ந்த விறகு எங்கே கிடைக்கும் என்றும் சொல்லட்டும். கொதிநீரும் குளோரினும் களைகொல்லியை அகற்றாது. அதனால் தேயிலைக்குக் கீழே ஊறும் பீலியை விட்டு, மேலே காட்டோரத்து ஊற்றைப் பிடிப்பதே மேல்.

மலசலகூட விஷயத்தில் எல்லோரும் முதலில் மண்வெட்டியைத்தான் தேடுகிறார்கள். சமவெளியில் குழிதான் மலிவு, சீக்கிரமும் முடியும். இங்கே மேல் லயத்துக் குழியின் கசிவு கீழ் லயத்துப் பீலிக்கு வந்து சேரும். நீர்நிலையிலிருந்து 30 மீற்றர் தள்ளி என்ற விதியை நாடா பிடித்துக் காப்பாற்றினாலும், சரிவில் ஊற்றுக்கு மேலே தோண்டினால் பயனில்லை. பாடசாலை மலசலகூடங்களை உடனே திறந்துவிட்டு, குழி நிரம்புமுன் கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரை வரவழைப்பதே நல்லது. பாதை இல்லாத இடத்தில், தரைக்கு மேலே பீப்பாய் வைத்த கூடம். செலவு கூடுதல்தான், பீப்பாயை எங்கே கொட்டுவது என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. பெண்களுக்கு மூன்று என்றால் ஆண்களுக்கு ஒன்று.

உள்தாழ்ப்பாளும் வெளிச்சமும் இல்லாத கூடத்துக்குப் பொழுது சாய்ந்தபின் பெண்கள் போகமாட்டார்கள். போகாமலிருக்க மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சாமான் பட்டியலில் சிமெந்துக்கு முன்னால் டோர்ச்சையும் தாழ்ப்பாளையும் எழுதிவிடுங்கள்.