அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்

மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து திருச்சி போயிருந்தேன். அதில் ஒரு வாரம் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் போனது. எட்டு மாதமாக மலத்தில் ரத்தம் பார்த்தும் யாரிடமும் சொல்லாமல், மூலம்தான் என்று துத்திக்கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 64.

இரண்டாம் நாளே கொலனோஸ்கோப்பிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) நேரம் கொடுத்தார்கள். முந்தைய நாள் கீரை, பழம் எதுவும் கூடாது. பேதி மருந்தில் பாதி மாலையில், மீதி விடியற்காலையில். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சின்னப் பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதைக்கட்டி) கண்ணில் படாது. இரவு ஒரு சிஸ்டர் தானாகவே போன் செய்து, "தண்ணி மாதிரி போகுதாம்மா?" என்று கேட்டார். அந்த அக்கறையை மறக்க மாட்டேன்.

மூலமும் இருந்தது. அதற்கு மேலே, பெருங்குடலில் 12 மி.மீ., 5 மி.மீ. அளவில் இரண்டு பாலிப்கள். அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிட்டார்கள்.

எடுத்த பாலிப்களின் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வாங்கப் போனபோதுதான் வருத்தம். "கேன்சர் இல்ல சார், போகலாம்" என்று கவுண்டரில் கவரை நீட்டினார்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று அதில் ஒரு வரி கிடையாது. இரண்டு மணி நேரம் காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். இரண்டுமே அடினோமா வகை, அப்படியே விட்டால் இந்த வகைப் பாலிப்களில் சில பல வருடங்களில் புற்றுநோயாக மாறலாம், எடுத்ததால் அந்த வழி அடைபட்டது என்று படம் வரைந்து விளக்கினார். ஒன்றிரண்டு சின்னது மட்டும் என்றால் 7 முதல் 10 வருடம் கழித்துப் பார்த்தால் போதுமாம். 10 மி.மீ.க்கு மேல் ஒன்று இருந்ததால் 3 வருடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கேட்காமல் ஊர் திரும்பியிருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. எத்தனை பாலிப், என்ன அளவு, என்ன வகை, அடுத்து எப்போது என்பதைத் தயவுசெய்து எழுதி வாங்குங்கள்.

அப்புறம் என் வயதைக் கேட்டார். 42 என்றேன். பெற்றோருக்குப் பெரிய அடினோமா இருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே கொலனோஸ்கோப்பி செய்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சிங்கப்பூரில் பொதுவாகக் குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை 50 வயதில்தான் தொடங்குகிறது, இன்னும் எட்டு வருடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்ததும் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன். தங்கைக்கு 39. அவளுக்கும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.