முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, இஷ்டப்பட்ட நேரமா: 9 கப்பல் பயணங்களுக்குப் பிறகு

கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்ய உட்கார்ந்தால், எந்தத் தளம், ஜன்னலா பால்கனியா, படிக்கட்டுக்குப் பக்கமா தூரமா என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். கடைசியில் ‘இரவு உணவு நேரம்’ என்று ஒரு சின்னக் கேள்வி வரும். அதைப் படிக்கக்கூட பொறுமை இருக்காது, கை போன இடத்தைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் தட்டினேன். அந்த ஏழு நாள் சாயங்காலங்களும் அந்த ஒரு தட்டலைச் சுற்றியே நடந்தன.

12 வருடத்தில் 9 பயணம் ஆகிவிட்டது. முதல் பந்தி நான்கு தடவை, இரண்டாம் பந்தி மூன்று தடவை, இஷ்டப்பட்ட நேரம் இரண்டு தடவை. மூன்றிலும் சந்தோஷமாகவும் சாப்பிட்டிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டும் சாப்பிட்டிருக்கிறேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: கப்பலில் ஏறியிருக்கும் எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கப் பிரதான உணவுக்கூடத்தில் இடம் போதாது. அதனால் இரண்டு பந்தி. முதல் பந்தி 5.30-லிருந்து 6 மணிக்குள் ஆரம்பிக்கும், இரண்டாவது 7.45-லிருந்து 8.30-க்குள். இந்த இரண்டில் எதை எடுத்தாலும் பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். மூன்றாவது வகை, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது. நார்வீஜியன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயர் வைத்து நிலையான பந்தியையே எடுத்துவிட்டது. ராயல் கரீபியனில் ‘மை டைம்’, கார்னிவலில் ‘யுவர் டைம்’ என்று பெயர் மாறும், விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான். டிஸ்னி கப்பல்கள் தனி ரகம். அங்கே மூன்று உணவகங்களுக்கு இரவுக்கு ஒன்றாக நாம் மாறிப்போவோம், நமக்குப் பரிமாறுகிறவர்களும் கூடவே மாறி வருவார்கள்.

முதல் பயணம் கரீபியன் கடலில், அம்மாவோடு. முதல் பந்தி. முதல் நாள் ஐந்தரைக்கு உணவுக்கூடத்துக்குள் நுழைந்ததும் அம்மா ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துவிட்டு, “இது ராத்திரி சாப்பாடா, சாயங்கால டிபனாடா?” என்றாள். மதியம் இரண்டு மணிக்குத்தான் மேல்தள பஃபேயில் நன்றாகச் சாப்பிட்டிருந்தோம். யாருக்கும் பசியில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தோம், பிறகு சரியாகிவிட்டது. எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, ஒரு மணி நேரம் தளத்தில் நடந்துவிட்டுப் படுப்பது அம்மாவின் வயதுக்கு நன்றாகவே ஒத்துப்போனது.

அந்தப் பயணத்தில்தான் நிலையான மேசையின் அருமையும் தெரிந்தது. அம்மாவுக்குப் பூண்டு ஒத்துக்கொள்ளாது. முதல் இரவு அதை மூன்று தடவை சொன்னேன். இரண்டாம் இரவு சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுபவர் மறுநாள் உணவுப் பட்டியலை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இதில் பூண்டு உண்டு, இதில் இல்லை, இதைப் பூண்டில்லாமல் செய்யச் சொல்லலாம் என்று காட்டினார். அம்மாவுக்கு அவர் பேசிய ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, விரல் முழுசாகப் புரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து நான் வாயே திறக்கவில்லை. நாங்கள் உட்காருவதற்கு முன்பே வெந்நீர் மேசையில் இருக்கும். உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், நேரத்தை விட இதற்காகவே நிலையான பந்தியை எடுக்கலாம்.

ஆனால் முதல் பந்தியில் ஒரு குறை எல்லாக் கப்பலிலும் உண்டு. அடுத்த பந்திக்கு மேசையைத் தயார் செய்தாக வேண்டும். ஏழரைக்கு மேல் பக்கத்து மேசையில் விரிப்பு மாற்றும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். காபி மட்டும் கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான். பேசிக்கொண்டே சாப்பிடும் கூட்டத்துக்கு இது சரிப்படாது.

உண்மையான அடி மத்தியதரைக் கடலில் விழுந்தது. அங்கேயும் யோசிக்காமல் முதல் பந்தி எடுத்திருந்தோம். சிவிடாவெக்கியா துறைமுகத்திலிருந்து ரோம் போக பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும், திரும்பவும் அதே அளவு. காலையில் போய் இரண்டு இடம் பார்த்து, நெரிசலில் மாட்டி, கப்பலுக்குள் வரும்போது மணி ஆறேகால். காலில் தூசி, சட்டையெல்லாம் வியர்வை. அறைக்குப் போய் குளித்துவிட்டு ஓடினால் கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் நின்ற மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் சொன்னார், இரண்டாவது உணவு வகையே பரிமாறிவிட்டார்களாம். மேலே பஃபேக்குப் போய் தட்டை ஏந்தினோம். அடுத்தடுத்த துறைமுகங்களிலும் இதே கதை. ஏழு இரவில் எங்கள் மேசையில் நாங்கள் உட்கார்ந்தது மூன்றே இரவு. எட்டுப் பேர் மேசையில் எங்கள் இரண்டு நாற்காலி காலியாகவே கிடந்திருக்கும். நான்காம் நாள் லிஃப்டில் பார்த்த மேசைக்காரர் ஒருவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அப்போது புரிந்தது: பசி எத்தனை மணிக்கு எடுக்கும் என்று பார்த்துப் பந்தி எடுக்கக் கூடாது, கப்பல் துறைமுகத்தை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். பயணத்திட்டத்தில் ஒவ்வொரு ஊருக்கும் நேராகப் புறப்படும் நேரம் போட்டிருப்பார்கள். நாலு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் முதல் பந்தி தாராளம். ஆறு, ஏழு என்று வரிசையாக இருந்தால் இரண்டாம் பந்தி, இல்லாவிட்டால் இஷ்ட நேரம். இரண்டு வருடம் கழித்து அதே கடலுக்கு இரண்டாம் பந்தி எடுத்துப் போனோம். சுற்றிவிட்டு வந்து, குளித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எட்டரைக்குப் போய் உட்கார்ந்தால் பத்தேகால் வரைக்கும் பேச்சுதான். எங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை, எங்களுக்குப் பிறகு வர ஆளில்லையே.

அதற்காக எல்லா இடத்திலும் இரண்டாம் பந்தி என்று முடிவு கட்டினால் அலாஸ்காவில் உதை வாங்க வேண்டிவரும். நாங்கள் வாங்கினோம். ஜூன் மாதம் ஜூனோ பக்கம் சூரியன் மறைய இரவு பத்து தாண்டும். முதல் பந்திக்காரர்கள் எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு தளத்தில் நின்று நல்ல வெளிச்சத்தில் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு இரவு யாரோ திமிங்கலம் என்று கத்த, கூடமே எழுந்து இடப்பக்க ஜன்னலுக்கு ஓடியது. எங்கள் மேசை வலப்பக்கம். பரிமாறுபவர் இரண்டு கையிலும் தட்டோடு நடுவில் அசையாமல் நின்றார். நான் பார்த்தது முன்னால் நின்றவரின் கோட்டு முதுகை.

மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு பந்திக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே நிகழ்ச்சியை இரண்டு தடவை நடத்துவார்கள். முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம், மற்றவர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். இஷ்ட நேரக்காரர்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

இஷ்ட நேரம் என்ற பெயரை அப்படியே நம்பக் கூடாது. எல்லோருடைய இஷ்டமும் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறது! முதல் தடவை எடுத்தபோது மாமனார், மாமியாரையும் சேர்த்து ஆறு பேர். ஆறு பேருக்கு மேசை வேண்டும் என்றதும் கையில் அதிர்கிற ஒரு கருவியைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். உட்கார நாற்காலி இல்லை. மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இருவராக வந்தவர்கள் ஒவ்வொரு ஜோடியாக உள்ளே போய்க்கொண்டே இருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்துக் கருவி அதிர்ந்தபோது, மாமனார் பசி போய்விட்டது, பழம் மட்டும் போதும் என்றார். மறுநாளிலிருந்து கப்பலின் செயலியில் நேரம் பதிந்துவைக்கப் பார்த்தேன். ஏழு மணி எல்லா நாளுக்கும் தீர்ந்துபோயிருந்தது. புறப்படுவதற்குப் பல நாள் முன்பே விவரம் தெரிந்தவர்கள் பிடித்துவிடுகிறார்கள். ஏழு மணியை முன்பே பதிந்துவைத்த பிறகு அதற்கு இஷ்ட நேரம் என்று பெயர் எதற்கு என்பது என் மனைவியின் கேள்வி, எனக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டாம் தடவை புத்தியோடு போனோம். நாங்கள் இருவர் மட்டும், போனது ஐந்தே முக்காலுக்கு அல்லது எட்டுக்கு மேல். வரிசையே இல்லை. முதல் இரவு நன்றாகக் கவனித்த பரிமாறுபவரின் மேசை எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த இரவுகளில் வாசலில் அந்தப் பகுதியில் இடம் கேட்டோம். பெரும்பாலும் கிடைத்தது. இருவர் மேசை என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்து இருவர் மேசைக்கும் நம் மேசைக்கும் ஒரு சாண் இடைவெளிதான். தனியாகச் சாப்பிடுகிறோம் என்று பெயர், பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதும் காதில் விழும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த வகை ஒட்டவில்லை. இப்படி நினைக்கிறவன் நான் மட்டுமில்லை. ராயல் கரீபியன் 2014-இல் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலைக் கொண்டுவந்தபோது, ஒரே பெரிய கூடத்துக்குப் பதில் நான்கு உணவகங்கள், தினமும் நாமே தேர்ந்து பதிந்துகொள்வது என்று மாற்றிப் பார்த்தது. பிறகு பழைய பந்தி முறைக்கே திரும்பிவிட்டது.

சிறு பிள்ளைகள் இருந்தால் விவாதமே வேண்டாம், முதல் பந்திதான். தம்பி குடும்பத்தோடு போன பயணத்தில் எட்டரைப் பந்தி கிடைத்திருந்தால் இரண்டு பிள்ளைகளும் தட்டிலேயே தூங்கியிருக்கும்.

பெருங்கடலைக் கடக்கும் பயணமா, கடிகாரத்தையும் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு ‘குவீன் மேரி 2’-இல் கிழக்கு நோக்கி வந்தோம். அந்தத் திசையில் நேரத்தை ஒரு மணி ஒரு மணியாக முன்னே தள்ளுவார்கள், அதுவும் நடுப்பகலில். பன்னிரண்டு என்று நினைக்கும்போதே மணி ஒன்று. மதியம் சாப்பிட்ட சூடு ஆறுவதற்குள் ஆறு மணிப் பந்தி வந்து நிற்கும். உடம்புக்கு அது ஐந்து மணிதான். அந்தப் பயணத்தில் பாதித் தட்டு அப்படியே திரும்பிப் போனது. மேற்கு நோக்கிப் போனால் தலைகீழ். கடிகாரம் பின்னே போகும், ஆறு மணிக்கே ஏழு மணிப் பசி. எட்டரைப் பந்தி எடுத்தவர்கள் ஒன்பதரை வரை காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதனால் கிழக்கே போனால் இரண்டாம் பந்தி, மேற்கே போனால் முதல் பந்தி.

கேட்ட பந்தி கிடைக்கவில்லை என்றால் காத்திருப்புப் பட்டியலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஏறிய அன்று மதியமே, பெட்டி அறைக்கு வருவதற்கு முன்னால், உணவுக்கூட மேற்பார்வையாளரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் மாற்றம் கேட்பவர்களுக்கென்று அன்று ஒரு நேரமும் இடமும் வைத்திருப்பார்கள், தினசரி நிகழ்ச்சித் தாளில் போட்டிருக்கும். எதற்காகக் கேட்கிறோம் என்று ஒரு வரியில் சொன்னால் போதும். மூன்று தடவை கேட்டு இரண்டு தடவை கிடைத்திருக்கிறது. கிடைக்காத அந்த ஒரு தடவை நான் போனது இரண்டாம் நாள் காலையில்.

அடுத்தது நார்வே, ஜூலையில். துறைமுகங்களில் நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறோம், வெளிச்சம் இரவு வரைக்கும் இருக்கும். முதல் பந்தி கேட்டேன். இரண்டாம் பந்தி கொடுத்து, பட்டியலில் போட்டிருக்கிறார்கள்.